வேலைக்கு சைக்கிளில் போக உண்மையில் எத்தனை நிமிடம் ஆகும்?

புதுப்பெடல் எழுதியது:

வீட்டிலிருந்து வேலை இடம் 11 கி.மீ. வழியில் 9 சிக்னல், ஒரு சின்ன மேம்பாலம், நடுவில் 2 கி.மீ. நெரிசலான கடைவீதி. வரைபடச் செயலி 41 நிமிடம் என்று காட்டுகிறது. காலை 9 மணிக்கு இருக்கையில் இருக்க வேண்டும். எத்தனை மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும்? கியர் சைக்கிள், 35 மி.மீ. டயர். தினசரி ஓட்டிப் பழக்கம் கிடையாது. வேகத்தைக் கூட்டினால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்றும் சொல்லுங்கள்.

---

அச்சாணி எழுதியது:

முதல் மாதம் 7.45-க்குக் கிளம்புங்கள். கணக்கு இதோ.

செயலி காட்டுவது பெரும்பாலும் சக்கரம் உருளும் நேரம். உங்களுக்கு வேண்டிய நேரம் வீட்டுக் கதவைப் பூட்டும்போது தொடங்கி, நாற்காலியில் உட்காரும்போது முடிகிறது. இந்த இரண்டுக்கும் இடையே கால் மணி நேரம் வித்தியாசம் சாதாரணமாக வரும்.

பழக்கமில்லாதவர் சமதளத்தில் மூச்சு வாங்காமல் மிதித்தால் மணிக்கு 16 கி.மீ. வரும். 11 கி.மீ.க்கு 41 நிமிடம். இதன்மேல் சிக்னல்களில் காத்திருப்பது சராசரியாக 4 நிமிடம், நின்று நின்று கிளம்புவதில் போவது 1 நிமிடம். கடைவீதியில் 12 கி.மீ. வேகத்துக்கு மேல் போக முடியாது, போகவும் கூடாது. அதில் இரண்டரை நிமிடம் கூடும். மேம்பாலத்துக்கு ஒரு நிமிடம். ஆக, வாசலிலிருந்து வாசலுக்கு 50 நிமிடம்.

அப்புறம்தான் பலரும் விட்டுவிடும் பகுதி. சைக்கிளை வெளியே எடுத்து, டயரை அமுக்கிப் பார்த்து, பையை மாட்டி, ஹெல்மெட் வாரை இறுக்க 3 நிமிடம். போய்ச் சேர்ந்ததும் இடம் தேடிப் பூட்ட 2 நிமிடம். முகம் கழுவி, வியர்வை ஆறி, உடை மாற்ற 10 முதல் 12 நிமிடம். மொத்தம் 66, 67 நிமிடம். 7.45-க்குக் கிளம்பினால் எட்டு ஒன்பது நிமிடம் கையிருப்பு.

இரண்டு மூன்று மாதத்தில் 20 கி.மீ. வேகம் தானாக வந்துவிடும். அப்போது உருளும் நேரம் 33 ஆகக் குறையும். ஆனால் வேகமாகப் போகிறவருக்குக் கடைவீதி 4 நிமிடத்தைத் தின்னும். மொத்தம் ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். 17 நிமிட நிலையான செலவு மட்டும் அப்படியே நிற்கும். 3 கி.மீ. தூரமானாலும் 15 கி.மீ. ஆனாலும் அந்தச் செலவு ஒன்றுதான். அதனால்தான் மிகக் குறைந்த தூரத்துக்கு 'கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம்' என்று போடும் கணக்கு எப்போதும் பொய்த்துப் போகிறது.

---

பற்சக்கரம் எழுதியது:

அச்சாணி சொன்ன அந்த 4 நிமிஷம் எங்கிருந்து வந்ததுன்னு விளக்கிடறேன். அவங்கவங்க வழிக்கு அவங்கவங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு சிக்னலோட முழுச் சுற்று 120 விநாடி, அதுல உங்களுக்குச் சிவப்பு 80 விநாடின்னு வைங்க. எந்த நேரத்துல போய்ச் சேருவீங்கன்னு சொல்ல முடியாது. மூணுக்கு ரெண்டு வாய்ப்பு சிவப்புல மாட்டுறதுக்கு. மாட்டினா சராசரியா 40 விநாடி நிக்கணும். ரெண்டையும் பெருக்கினா கிட்டத்தட்ட 27 விநாடி. சுருக்கமா: சிவப்பு நேரத்தை அதாலேயே பெருக்கி, சுற்று நேரத்தோட ரெண்டு மடங்கால வகுங்க. 80 × 80 ÷ 240. ஒன்பது சிக்னலுக்கு 240 விநாடி, அதாவது 4 நிமிஷம்.

சிவப்பு நேரத்தோட வர்க்கம் இதுல வருதே, அதைக் கவனிக்கணும். சிவப்பு 40 விநாடியா இருக்குற சின்னச் சந்திப்புல, சுற்று 80 விநாடின்னா, எதிர்பார்க்குற காத்திருப்பு வெறும் 10 விநாடி. பெரிய நாற்சந்தி ஒண்ணு, இப்படிப்பட்ட சின்னச் சந்திப்பு ரெண்டரைக்குச் சமம். அதனால வழி தேர்ந்தெடுக்கும்போது சிக்னல் எத்தனைன்னு மட்டும் எண்ணாதீங்க. பெரிய சிக்னல் எத்தனைன்னு எண்ணுங்க.

சராசரி 4 நிமிஷம்னா தினமும் 4 ஆகாது. எல்லாம் பச்சையா விழுந்தா பூஜ்யம், எல்லாத்துலயும் முழுச் சிவப்பு வாங்கினா 12 நிமிஷம். சிக்னல்கள் ஒண்ணுக்கொண்ணு தொடர்பில்லாம ஓடினா பெரும்பாலான நாள் இரண்டே முக்காலுக்கும் அஞ்சரைக்கும் நடுவுல இருக்கும். அபூர்வமா ஆறரை ஏழு போகும். கையிருப்பு எட்டு நிமிஷம்னு அச்சாணி வெச்சது இதுக்குத்தான் சரியாப் பொருந்துது.

தொடர்பு இருந்தா கதையே வேற. வரிசையா இருக்குற சிக்னல்களை ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு அடுக்கி வெச்சா அந்த வேகத்துல போறவங்களுக்கு எல்லாமே பச்சையா வரும். கோபன்ஹேகன்ல நோரப்ரோகேட் சாலையில இதைச் சைக்கிளுக்காகவே 20 கி.மீ. வேகத்துக்கு வெச்சிருக்காங்க. மத்த இடங்கள்ல பெரும்பாலும் மோட்டார் வண்டி வேகத்துக்குத்தான் வெச்சிருப்பாங்க. அப்போ சைக்கிள்காரர் ஒவ்வொரு சிக்னலுக்கும் பச்சை முடியிற நேரத்துலதான் போய்ச் சேருவார், சராசரியை விட மோசமா மாட்டிக்குவார். ஒரு வாரம் தொடர்ந்து அதே ரெண்டு மூணு சிக்னல்லயே நிக்கிறீங்கன்னா காரணம் இதுதான். வேகத்தைக் கூட்டிப் பார்க்காம, முந்தின சிக்னல்லயிருந்து மெதுவா உருண்டு போய் அடுத்த பச்சையோட சேர்ந்துக்கப் பாருங்க. நேரம் அதேதான் ஆகும், கால் வலி பாதியாகும்.

---

விரைவு எழுதியது:

இவ்வளவு கணக்கு எதுக்கு? மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில் உள்ள ரேஸ் சைக்கிள் வாங்கினால் 25 கி.மீ. வேகம் சுலபமாக வரும். 10 கி.மீ.யை 24 நிமிடத்தில் முடிக்கலாம்.

---

காற்றெதிர் எழுதியது:

விரைவு, 25 வரும் என்பதில் சந்தேகமில்லை. அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்.

ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ, நிமிர்ந்து உட்காரும் சாதாரண சைக்கிள், காற்றில்லாத சமதளம். மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 85 வாட் வேண்டும். அதில் 55 வாட்டுக்கு மேல் காற்றைக் கிழிக்கவே போகிறது, மீதி டயர் உருள. 25 கி.மீ. வேகத்துக்கு அதே சைக்கிளில் 145 வாட்டுக்கு மேல். காற்றுக்கான திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது என்பதால் இப்படி. 10 கி.மீ.யில் மிச்சமாவது 6 நிமிடம், உழைப்பு முக்கால் பங்கு கூடுதல். குனிந்து ஓட்டும் ரேஸ் சைக்கிள் காற்றின் பங்கைக் கணிசமாகக் குறைக்கும், உண்மைதான். ஆனால் நகரத்தில் இரண்டு சிக்னலுக்கு நடுவே அந்த 25-ஐப் பிடித்து நிலைநிறுத்த எத்தனை மீட்டர் கிடைக்கும்? 400 மீட்டருக்கு ஒரு நிறுத்தம் என்றால், ஏறுவதற்கும் இறங்குவதற்குமே கணிசமான தூரம் போய்விடும்.

உடம்பு கொடுக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குக்கும் குறைவாகவே பெடலுக்குப் போகிறது. மீதி வெப்பம். 85 வாட் மிதிக்கும்போது 300 வாட் அளவுக்கு உடம்பு சூடேறுகிறது; 145-க்கு மேல் போனால் 500-ஐ நெருங்குகிறது. சாலையில் மிச்சம் பிடித்த 6 நிமிடத்தை, போய் இறங்கியபின் வியர்வை நிற்கக் காத்திருப்பதில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

நேரத்தை உண்மையிலேயே ஆட்டிவைப்பது எதிர்காற்று. மேலே சொன்ன அதே 85 வாட்டில், மணிக்கு 10 கி.மீ. எதிர்காற்று வீசினால் வேகம் 20-இலிருந்து 15-க்கு விழும். அதே காற்று முதுகில் அடித்தால் 26 வரும். 10 கி.மீ. தூரத்துக்குப் போக 40 நிமிடம், வர 23 நிமிடம். சேர்த்து 63. காற்றே இல்லாவிட்டால் 60. 'போகும்போது இழந்ததை வரும்போது எடுத்துக்கொள்ளலாம்' என்பது நடக்காது, ஏனென்றால் மெதுவாகப் போகும் பாதியில்தான் அதிக நேரம் செலவாகிறது. 10 கி.மீ. காற்று என்பது இலைகள் சலசலக்கும் அளவுக்கான இளங்காற்றுதான், புயல் ஒன்றும் இல்லை. காலையில் எதிர்காற்று வீசும் பருவத்தில் 10 நிமிடம் முன்னதாகவே கிளம்ப வேண்டும்.

ஏற்றமும் அப்படித்தான். நூற்றுக்கு மூன்று என்ற சரிவு கண்ணுக்குச் சமதளம் போலத்தான் தெரியும். அதே உழைப்பில் வேகம் 9 கி.மீ.க்கு வந்துவிடும். ஒரு கிலோமீட்டருக்கு 3 நிமிடத்துக்குப் பதில் ஆறரை நிமிடம்.

---

அச்சாணி எழுதியது:

காற்றெதிர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும், காத்திருப்பதைத் தவிர 7, 8 விநாடி போகிறது. 90 கிலோவை 20 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 1,400 ஜூல் வேண்டும். பிரேக் பிடித்தால் அத்தனையும் சூடாகப் போய்விடும். தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே மிதிப்பதை நிறுத்தி உருள விடுங்கள். 6 கி.மீ. வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும்போது பச்சை விழுந்தால் கூட, நின்று கிளம்புவதை விட லாபம்.

கியரை நிற்பதற்கு முன்பே இரண்டு படி இறக்குங்கள். வெளியே தெரியும் செயின் மாற்றி உள்ள சைக்கிளில் பெடல் சுற்றும்போதுதான் கியர் மாறும். நின்றபின் லீவரைத் தட்டினால் கிளம்பும் அழுத்தத்தில் செயின் கடகடவென்று தாவும், சில நேரம் கழன்றே விழும். சக்கர நடுவிலேயே கியர் உள்ள வகையில் நின்றுகொண்டே மாற்றலாம். நிற்கும்போது ஒரு பெடலை மேலே கொண்டுவந்து சற்று முன்னால் சாய்த்து வையுங்கள், கடிகாரத்தில் இரண்டு மணி முள் இருக்கும் இடம். முதல் அழுத்திலேயே சைக்கிள் நேராக நகரும். பெடல் கீழே கிடந்தால் தள்ளாடித்தான் கிளம்ப முடியும், பின்னால் வண்டிகள் நிற்கும் இடத்தில் அந்தத் தள்ளாட்டம் ஆபத்து.

---

பட்டறை எழுதியது:

நேரம் கூடுதுன்னு வழியை மாத்துறவங்க, சைக்கிளை மாத்துறவங்க நிறைய. சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பார்க்குறவங்க குறைவு. அதை முதல்ல செய்ங்க.

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக் கையால ஒரு சுத்து விடுங்க. நல்லா இருந்தா ரொம்ப நேரம் சுத்திட்டு, கடைசியில வால்வு இருக்குற கனமான பக்கம் கீழே வந்து, ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடி நிக்கும். நாலஞ்சு சுத்துலயே வெடுக்குன்னு நின்னா பிரேக் உரசுது, இல்ல அச்சு ரொம்ப இறுகியிருக்கு. காதைக் கிட்ட வெச்சா 'ஸ்ஸ்… ஸ்ஸ்…'னு ஒரு சுத்துக்கு ஒரு தடவை கேக்கும். அப்படின்னா ரிம் கோணல், ஆரக்கம்பி இறுக்கம் பார்க்கணும். தொடர்ந்து கேட்டா பிரேக் கட்டையோ அச்சோ நடுவுல இல்ல. பின் சக்கரத்துக்கும் இதே சோதனைதான், பெடலை அசையாமப் பார்த்துக்கோங்க.

அடுத்தது காத்து. 35 மி.மீ. டயருக்கு 75, 80 கிலோ ஆளுன்னா முன்னால 50, பின்னால 55 முதல் 60 பிஎஸ்ஐ. டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்குற உச்ச அளவைத் தாண்டக் கூடாது. கட்டைவிரலால அமுக்கிப் பார்க்குறது பஞ்சர் இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் உதவும். 35-க்கும் 55-க்கும் உள்ள வித்தியாசம் விரலுக்குச் சரியாப் பிடிபடாது, அளவுமானி உள்ள பம்ப் வேணும். ட்யூப்ல ஓட்டையே இல்லாட்டியும் காத்து மெல்ல மெல்லக் கசியும், வாரம் ஒரு தடவை அடிச்சே ஆகணும். காத்து இறங்கின டயர்ல 20 கி.மீ.ல போறவர் அதே உழைப்புல 18 தான் போவார். 10 கி.மீ.க்கு மூணு நிமிஷம் போச்சு. அதைவிட மோசம், குழியில இறங்கும்போது ரிம்முக்கும் குழி விளிம்புக்கும் நடுவுல ட்யூப் நசுங்கி, பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும்.

சீட் உயரம்: சீட்ல உட்கார்ந்து குதிகாலைக் கீழ்ப் பெடல்ல வெச்சா கால் நேரா நிக்கணும். அப்புறம் பாதத்தோட முன்பகுதியால மிதிக்கும்போது முட்டி லேசா மடங்கியிருக்கும். நிறைய பேர் கால் தரையில முழுசா ஊனணும்னு சீட்டைத் தாழ்த்தி வெச்சிருக்காங்க. முட்டி வலியும் வரும், வேகமும் வராது.

---

மழைநாள் எழுதியது:

மழை பற்றி யாரும் சொல்லவில்லையே. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிளில் நனைந்த ரிம் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்குப் பிடிக்கவே பிடிக்காது, தண்ணீரைத் துடைத்த பிறகுதான் கட்டை பற்றும். அதனால் முன்கூட்டியே லேசாகப் பிடித்து விட்டுப் பிடிக்க வேண்டும். சாலைக் கோடுகளின் பெயின்ட், சாக்கடை மூடி, தண்டவாளம் மூன்றும் நனைந்தால் வழுக்கும். அவற்றின் மேல் திருப்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தண்டவாளத்தைக் குறுக்கே செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும். தேங்கிய தண்ணீருக்குள் வேகமாக விடாதீர்கள், உள்ளே குழி எவ்வளவு ஆழம் என்று தெரியாது.

இவை எல்லாம் சேர்ந்து ஓட்டும் நேரத்தில் எட்டில் ஒரு பங்காவது கூடும். மழைச்சட்டை போட்டுக் கழற்ற இன்னும் 4, 5 நிமிடம். மட்கார்டு இல்லாவிட்டால் மாற்றுடையும் சேறாகும். மழை நாளுக்கு 12 நிமிடம் முன்னதாகக் கிளம்புவது எனக்குக் குறைந்தபட்சமாகப் படுகிறது.

---

புதுப்பெடல் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு கேள்வி. பஞ்சர் ஆனால் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? வியர்வைக்கு அந்த 10 நிமிடத்தைக் குறைக்க வழி உண்டா?

---

பட்டறை எழுதியது:

தினமும் பஞ்சருக்குன்னு நேரம் ஒதுக்கிட்டே கிளம்ப முடியாதுங்க. சாமான் கையில இருந்தா கால் மணி நேரத்துல முடியும்ங்கற அளவுக்குத் தயாரா இருந்தாப் போதும். மாற்று ட்யூப் ஒண்ணு, டயர் லீவர் ரெண்டு, கைப்பம்ப், அப்புறம் உங்க சக்கரம் நட்டால பூட்டினதுன்னா அதுக்கான ஸ்பேனர். பல சைக்கிள்ல பின் சக்கர நட்டு 15 மி.மீ. இந்த ஸ்பேனர் இல்லாமப் போனா மத்த மூணும் இருந்தும் பிரயோஜனம் இல்ல.

வழியில ஒட்டு போடாதீங்க, ட்யூபையே மாத்துங்க. ஒட்டுக்குச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, அது காய அஞ்சு நிமிஷம் விட்டாத்தான் பிடிக்கும். அவசரத்துல ஈரப் பசையிலேயே ஒட்டுறதாலதான் சாயங்காலம் மறுபடி இறங்குது. பழைய ட்யூபை வீட்டுல ஆற அமர ஒட்டிக்கலாம்.

டயரைக் கழட்டும்போது ட்யூப் வால்வு டயரோட எந்த இடத்துல இருந்ததுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. ட்யூப்ல காத்தடிச்சு ஓட்டையைக் கண்டுபிடிச்சதும், அதை டயரோட சேர்த்து வெச்சா முள் எங்க குத்தியிருக்குன்னு நேரா தெரியும். அப்புறம் டயரோட உள்பக்கம் முழுக்க விரலை மெதுவாத் தடவிப் பாருங்க. முள்ளோ கம்பியோ உள்ளேயே நின்னா புது ட்யூபும் பத்து நிமிஷத்துல போயிடும். புது ட்யூபை உருண்டை வர்ற அளவுக்குக் கொஞ்சம் காத்தடிச்சு உள்ளே வைங்க, முறுக்கிக்காது. கடைசியா டயரை ஏத்தும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கம் ஆரம்பிச்சு வால்வுகிட்ட முடிங்க, லீவர் இல்லாம கையாலேயே ஏறும்.

---

நிதானம் எழுதியது:

வியர்வைக்கு: கடைசி ஒன்றரை கி.மீ.யை 20-க்குப் பதில் 15 கி.மீ. வேகத்தில் ஓட்டுங்கள். ஒன்றரை நிமிடம்தான் கூடும். ஓடிக்கொண்டிருக்கும் வரை எதிரே வரும் காற்று வியர்வையை உலர்த்துகிறது; இறங்கிய கணம் அந்தக் காற்று நிற்கிறது, உடம்பின் சூடு மட்டும் நிற்பதில்லை. அதனால்தான் சைக்கிளில் இருக்கும்போது உலர்ந்த சட்டை, பூட்டிக்கொண்டிருக்கும்போது நனைகிறது. அந்தச் சூட்டைச் சாலையிலேயே இறக்கிவிட்டால் உள்ளே 5 நிமிடம் மிச்சம். முதுகுப் பைக்குப் பதில் கேரியரில் மாட்டும் பக்கவாட்டுப் பை இருந்தால் முதுகில் அந்தப் பெரிய ஈரத் திட்டே வராது. மாற்றுடை, துண்டு, சோப்பு இவற்றை வாரம் ஒரு முறை கொண்டுபோய் வைக்க முடிந்தால் தினசரிப் பொதியும் குறையும்.

வழி விஷயத்தில் ஒன்று. எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்ப வேண்டிய திருப்பம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெரிய நாற்சந்தியில் அதை இரண்டு கட்டமாகச் செய்வதுதான் பாதுகாப்பு: முதலில் நேரே கடந்து, அந்த மூலையில் நின்று, அடுத்த பச்சையில் மறுபடி நேரே. ஒரு திருப்பத்துக்கு இரண்டு சிக்னல் காத்திருப்பு. ஒரு தெரு முன்னாலேயே உள்ளே புகுந்து அதைத் தவிர்க்க முடிந்தால் 300 மீட்டர் சுற்றிப் போனாலும் ஒரு நிமிடம்தான் ஆகும், கணக்கு உங்கள் பக்கம்தான்.

ஓட்டத்தைப் பதிவு செய்யும் செயலியில் தானாக நிறுத்தும் வசதியை அணைத்துவிட்டு ஐந்து வேலை நாள் ஓட்டிப் பாருங்கள், விடுமுறை நாளில் சோதித்துப் பயனில்லை. ஐந்தில் இரண்டாவது மோசமான நாளின் நேரத்தை உங்கள் நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

---

விரைவு எழுதியது:

இரட்டைத் திருப்பக் கணக்கை நான் யோசித்ததே இல்லை. வேகம் பற்றிச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மோட்டார் உதவியுள்ள சைக்கிள் என்றால்?

---

காற்றெதிர் எழுதியது:

எதிர்காற்று, ஏற்றம், நின்று கிளம்புவது, வியர்வை இந்த நாலையும் அது பெருமளவு சமன் செய்துவிடும். சிக்னலையும் கடைவீதியையும் ஒன்றும் செய்யாது. மோட்டார் உதவி குறிப்பிட்ட வேகத்தோடு நின்றுவிடும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 25 கி.மீ. ஆக உச்ச வேகத்தால் கிடைக்கும் லாபம் சிறியது. நல்ல நாளுக்கும் மோசமான நாளுக்கும் உள்ள இடைவெளி சுருங்குவதுதான் பெரிய லாபம். 11 கி.மீ.க்கு அது பொருந்தும். 4 கி.மீ.க்கு, பேட்டரியைக் கழற்றி மாட்டும் நேரத்தையும் சேர்த்தால், வித்தியாசம் தெரியாது.

---

புதுப்பெடல் எழுதியது:

முன் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், ஆறு சுற்றில் நிற்கிறது, ஒரே மாதிரி தொடர்ந்து உரசும் சத்தம். அளவுமானி உள்ள பம்ப் வாங்கியாயிற்று. ஆனால் என் வால்வில் மாட்டினால் காற்று ஏறும்போது முள் 90 வரை குதிக்கிறது, விட்டதும் விழுகிறது. எது சரியான அளவு?

---

பட்டறை எழுதியது:

அது வால்டியூப் வகை வால்வு. உள்ளே இருக்குற ரப்பர் குழாய் காத்தை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. அதனால பம்ப்போட முள் உங்க அழுத்தத்தைத்தான் காட்டுது, டயரோடதைக் காட்டல. மெதுவா, விட்டு விட்டு அடிங்க. ஒவ்வொரு அடியிலயும் முள் ஏறிப்போய் எந்த இடத்துல தயங்கி நிக்குதோ, அதாவது வால்வு திறந்து காத்து உள்ளே போகிற இடம், அதிலிருந்து கொஞ்சம் குறைச்சு எடுத்துக்கோங்க. ட்யூப் மாத்தும்போது கார் வால்வு உள்ளதா வாங்கிட்டா இந்தத் தொல்லை இல்ல, ரிம் ஓட்டை அதுக்குப் பத்துமான்னு மட்டும் முன்னாடியே பார்த்துக்கோங்க.

உரசலுக்கு: அச்சு நட்டைத் தளர்த்தி, சைக்கிளைத் தரையில நேரா நிறுத்தி, ஹேண்டிலை மேலிருந்து அமுக்கிப் பிடிச்சபடி மறுபடி இறுக்குங்க. சக்கரம் தானா நடுவுல உட்காரும். அப்பவும் உரசினா பிரேக்கோட பக்கவாட்டு ஸ்ப்ரிங் திருகு இருக்கும், உரசுற பக்கத் திருகைக் கால் சுத்து கால் சுத்தா உள்ளே திருப்புங்க, கட்டை விலகும்.